முன்பணம் கொடுத்தவர் பஞ்சாயத்துப் பேசலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சமரச மையம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழக்கை அங்கே பேசி முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் சரி. ஆனால் நடுவில் உட்காருகிறவரை எப்படிப் பார்த்துத் தேர்வது என்று ஒரு வரி இல்லை. எங்கள் கரையில் காரியம் கெடுவதே அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் என் நண்டு வலையை ஒரு விசைப்படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு உண்டு. ஆனால் திங்கள் போன படகு செவ்வாய் விடிந்துதான் கரைக்கு வருகிறது. இடையில் உள்ள இருட்டு யாருடைய நாள்? சண்டையே அதில்தான்.

முதலில் எங்கள் வியாபாரி பஞ்சாயத்துப் பேசினார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு வலைக்கு முன்பணம் கொடுத்தவர் அவர், அந்த விசைப்படகில் இறால் எடுப்பவரும் அவரே. நாங்கள் இருவரும் கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவருக்கு நட்டம். "பத்தாயிரத்த வாங்கிட்டு நாளைக்கே தொழிலுக்குப் போப்பா" என்று முடித்துவிட்டார். கடன்பட்டவன் என்ன எதிர்த்துப் பேச? தலையாட்டிவிட்டு வந்தேன். அதே வாரம் கரையில் கைகலப்பு.

அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை இருவருமே ஒத்துக்கொண்டு அழைத்தோம். படகு டிரைவராக இருந்து ஓய்ந்தவர். எங்கள் யாரோடும் ஒரு ரூபாய் தொடர்பு இல்லை. வந்தவர் பணப் பேச்சையே எடுக்கவில்லை. "மிச்ச வலையக் கொண்டு வாங்க" என்றார். மணலில் விரித்து, எவ்வளவு போயிற்று, எவ்வளவு தைத்தால் தேறும் என்று இருவரையும் வைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு என்னைத் தனியாக, விசைப்படகுக்காரரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். நான் கோபத்தில் கொட்டிய எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கும் என்மேல் ஒரு குறை இருந்தது: என் வலை மிதவையில் விளக்கு இல்லை. உண்மைதான். வலைக்குப் பணம் இரண்டு தவணையாக வந்தது, நான் விளக்குக் கட்டினேன்.

2023-ல் வந்த மத்தியஸ்தச் சட்டத்தைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தன் நடுநிலையைச் சந்தேகிக்க இடம்தரும் உறவோ பணத் தொடர்போ இருந்தால், பேச்சுத் தொடங்கும் முன்பே சமரசர் அதை இரு தரப்புக்கும் எழுத்தில் சொல்லியாக வேண்டுமாம். எங்கள் ஊரில் இதை வாயாலாவது கேட்கலாமே! "அண்ணே, அவருக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று கேட்கச் சங்கடம்தான். ஆனால் அதற்குக் கோபப்படுகிறவரை அங்கேயே விட்டுவிடலாம். எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்கிறவரையும்தான். ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பொறுமையாகக் காது கொடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியாள் என்பது மட்டும் போதாது. நண்டு வலைக்கும் இழுவலைக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு நாங்கள் பாடம் நடத்தியே பொழுது போய்விடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கிவிட்டார்கள். நம் மாவட்ட மையத்தின் சமரசர் பட்டியலில் கடல் தொழில் தெரிந்தவர் எத்தனை பேர்? உங்கள் நிருபர் ஒருமுறை விசாரித்து எழுதினால் நல்லது.

நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
திருப்பாலைக்குடி
(பெயர் போட வேண்டாம். வியாபாரியிடம் முன்பணம் இன்னும் பாக்கி இருக்கிறது.)