தொலை என்றால் தொலைந்து போவதா?

பள்ளி அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

போன வாரம் அண்ணன் மகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடி ஒரே வரியை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: "தொலைத்தொடர்பு என்பது தகவல்களை மின்குறிகளாக மாற்றி நெடுந்தூரம் அனுப்புதல்." பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அப்புறம் நிமிர்ந்து, "சித்தப்பா, தொலைன்னா தொலைஞ்சு போறதுதானே? தொடர்பு தொலைஞ்சு போனா எப்படிப் பேசுறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. இங்கே 'தொலை' என்றால் தூரம் என்று பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்தச் சொல்லுக்கு நல்ல கதை இருக்கிறது. 1904இல் எதுவார் எஸ்தோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தந்தியையும் தொலைபேசியையும் பற்றி ஒரு பாடநூல் எழுதினார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரே பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கத்திலிருந்து தூரத்தைக் குறிக்கும் 'டெலி'யை எடுத்து, லத்தீன் வழி வந்த 'கம்யூனிகேஷ'னோடு சேர்த்தார். அந்த 'டெலிகம்யூனிகேஷ'ன்தான் தமிழில் தொலைத்தொடர்பு. அந்த லத்தீன் வேருக்குப் பொதுவாக்குதல், பகிர்ந்துகொள்ளுதல் என்று பொருள். அவர் தபால் தந்தித் துறைப் பொறியாளர், நாவலாசிரியரும்கூட. பாடநூல் எழுதிய ஒருவர் தந்த சொல் இது என்பதை உங்களிடம் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1932இல் மாட்ரிட் மாநாட்டில், 1865 முதல் இருந்த சர்வதேசத் தந்தி ஒன்றியம் இந்தச் சொல்லையே தன் பெயரில் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தது. கம்பியில் போவது, காற்றில் போவது எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது.

நம் 'தந்தி' அப்படியில்லை. வீணையில் மீட்டுகிறோமே, அதே தந்திதான். கம்பி வழியாக வந்ததால் செய்திக்கும் அந்தப் பெயர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. கம்பியே இல்லாத இன்றைய கைபேசிக்கும் தொலைத்தொடர்பு என்ற சொல் பொருந்துகிறதென்றால், கருவியின் பெயரைச் சொல்லாமல் செய்யும் வேலையைச் சொல்வதால்தான்.

அவளிடம் வீணையைச் சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த பதிப்பில் அந்த வரையறைக்கு மேலே இதை நான்கு வரி சேர்த்துவிடுங்கள். தேர்வில் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சித்தப்பா