வாடகை முழுக்க உன் பணம் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

திருவான்மியூர் வீட்டுப் பட்டா உன் பெயருக்கு மாறிவிட்டது என்று சித்தி சொன்னார்கள். சந்தோஷம். மூன்று போர்ஷனும் சேர்ந்து மாதம் 60,000 வாடகை வருகிறது, அதை நம்பி ஒரு ஃபிளாட் புக் பண்ணப் போகிறாய், இ.எம்.ஐ. 55,000 என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்குதான் எனக்கு உதைக்கிறது. அப்பா கட்டிய வீட்டுக்குத் திடீரென்று ஹவுஸ் ஓனர் ஆனவர்கள் உன்னைப் போல நிறையப் பேர் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

வீட்டு விலையில் வருஷத்துக்கு ஒரு சதவீதத்தை ரிப்பேருக்கு ஒதுக்கு என்று யூடியூபில் சொல்வார்கள். அது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு. திருவான்மியூரில் விலையில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான். மண் ஒழுகாது, துருப்பிடிக்காது. அதனால் விலையை மறந்துவிட்டு, கட்டடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடு.

எப்படி என்றால், மாடிக்குப் போ. தட்டோடுகளின் இணைப்பில் பூச்சு விட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பார். பிறகு கீழே வந்து சன்ஷேடின் அடிப்பக்கத்தை ஒரு கம்பியால் தட்டு. கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிதுக்கித் தள்ளுகிறது. கடற்காற்றில் இருக்கும் உப்பு இதை இன்னும் வேகப்படுத்தும். விழுந்த இடத்தில் சிமெண்டை அப்பிவிட்டுப் போகும் கொத்தனாருக்குக் கொடுப்பது வீண் காசு. ரெண்டு மழையில் மறுபடியும் விழும், கீழே யாராவது நின்றால் அவர் தலையில் விழும். உளுத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்பு பூசி, அப்புறம்தான் பூச்சு. செலவு கூடத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். தளத்துக்கு ஒழுகல் தடுப்பு வேலை செய்ய 1,80,000 ஆகிறது, பத்து வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் பத்தால் வகுத்து, வருஷத்துக்கு 18,000 என்பார்கள். புது வீட்டுக்கு அது சரி. உன் வீடு 1994-ல் கட்டியது. அந்தத் தளம் இன்னும் ரெண்டு மழைக்காலம்தான் தாங்கும் என்று மேஸ்திரி சொன்னால், நீ ரெண்டால் வகுக்க வேண்டும். வருஷத்துக்கு 90,000, மாதம் 7,500. ஆயுளால் வகுக்காதே, மீதியிருக்கும் வருஷத்தால் வகு. வயரிங், பாத்ரூம் குழாய்கள், போர் மோட்டார், வெளிப்பூச்சு பெயிண்ட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வயரிங் போட்ட காலத்தில் ஏ.சி. எத்தனை வீட்டில் இருந்தது? இப்போது போர்ஷனுக்கு ரெண்டு ஓடுகிறது.

இதையெல்லாம் 'எதிர்பாராத செலவு' என்று சித்தப்பா சொல்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளம் எதிர்பாராதது. தளம் ஒழுகுவது தேதி சொல்லிவிட்டு வருவது.

அட்வான்ஸ் விஷயம் இன்னும் மோசம். பழைய குடித்தனக்காரர்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள். அந்தப் பணம் எப்போதோ செலவாகிவிட்டது என்று எனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். புதிதாக வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வருகிறவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார். மூன்றை வாங்கிக்கொண்டு பத்தைத் திருப்ப வேண்டி வரும். இடைவெளிக்கு யார் கொடுப்பார்கள்? அட்வான்ஸ் உன் மேல் இருக்கும் கடன். முதலில் அந்தத் தொகையைத் திரும்பச் சேர்த்து ஒரு எஃப்.டி.யில் போட்டு வை.

அதே சட்டம் எந்த ரிப்பேர் யாருடையது என்றும் பட்டியல் போட்டிருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த வேலை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உன்னுடையது. டேப், வாஷர், கீசர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவருடையது. பெரிய செலவெல்லாம் எந்தப் பக்கம் என்று பார்த்தாயா? அக்ரிமென்ட்டில் இதை எழுதிவிடு, வாட்ஸ்அப் சண்டை பாதி குறையும்.

வீட்டு வரியும் நின்ற இடத்தில் நிற்காது. 2022-ல் தமிழ்நாடு முழுக்க வீடுகளுக்கு, பரப்பைப் பொறுத்து, 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். அரை வருஷத்துக்கு ஒரு முறை கட்டுவது, அதனால் மாதாமாதம் எடுத்து வைத்தால் வலிக்காது. வருமான வரியில், கட்டிய வீட்டு வரியைக் கழித்த பிறகு மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும், ரசீது கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரே வருஷத்தில் நாலு லட்சம் கொட்டி ரிப்பேர் பார்த்தாலும் அதே 30-தான், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. சட்டமே வாடகையில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகும் என்று நினைக்கிறது. நீ மட்டும் ஏன் 60,000-ல் 55,000-ஐ இ.எம்.ஐ.க்கு எழுதுகிறாய்?

என் கணிப்பில், உன் வீட்டின் வயசுக்கு முதல் மூன்று வருஷம் வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு வாங்காதே. வருஷத்தில் ஒரு போர்ஷனாவது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்றும் சேர்த்துக்கொள். ஆக, உன் கையில் நிஜமாக நிற்பது முப்பத்தெட்டாயிரம் சொச்சம். அந்த இ.எம்.ஐ.க்கு ஃபிளாட் கிடைத்தால் தாராளமாக வாங்கு, இல்லையென்றால் ரெண்டு வருஷம் பொறு.

தளம் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள், ஐப்பசி வரை இழுக்காதே. ஈரத் தளத்தின் மேல் பூசினால் கொப்புளம் விட்டு உரிந்துவிடும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கு. எத்தனை சதுர அடி, எத்தனை கோட், எத்தனை வருஷ கேரண்டி என்று எழுத்தில் கேள். ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவற்றை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா