‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் என் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து பிழை பார்க்க வந்தது. தமிழ்ப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தின் அடியில், தங்க எழுத்தில், ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ என்று இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த நாலு எழுத்தும் ‘ரெப்போந்தே சில் வூ ப்ளே’ என்ற பிரெஞ்சு வாசகத்தின் முதலெழுத்துகள். முதல் எழுத்து ‘பதில் சொல்லுங்கள்’. மற்ற மூன்றும் சேர்ந்து ‘தயவுசெய்து’. அப்புறம் எதற்கு முன்னால் இன்னொரு ப்ளீஸ்? ‘நடு சென்டர்’ என்பது போலத்தான். லண்டன்காரர் தவறினால் சரி, விட்டுவிடலாம். 1810-ல் பிரிட்டிஷார் பிடித்த பிறகும் பிரெஞ்சை விடாத ஊர் நம் மொரீஷியஸ். மார்க்கெட்டில் ஒரு கட்டு கொத்தமல்லி கேட்கும்போதுகூட ‘சில் வூ ப்ளே’ என்கிறோமே!

பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்து அப்படியே போட்டதாக அச்சகத்தில் சொன்னார்கள். வெறும் ‘ஆர்.எஸ்.வி.பி.’, கீழே தேதி, போன் நம்பர், அது போதும். ப்ளீஸைச் சிவப்பு மையில் அடித்து அனுப்பிவிட்டேன். வரும் முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிப்பவர்கள் உங்கள் வீட்டுப் புரூஃபின் அடிவரியையும் ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்