கடைசி மேட்ச்

கோவில்பட்டி
10.11.2024

அன்புள்ள சரசு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. முறுக்குச் சுட்ட எண்ணெய்க் கையோடு பிரித்துவிட்டேன். முதல் பக்கத்தில் நாலைந்து வரி ஊறிப்போய்விட்டது. அண்ணனுக்கு வேலை மாற்றமா, சம்பள உயர்வா என்று சரியாகப் புரியவில்லை, அடுத்த கடிதத்தில் மறுபடி எழுது. ஆனால் முக்கியமான வரி தப்பிவிட்டது. "ராணி ராம்பாலும் ஹாக்கிய விட்டுப் போயிட்டா, பாத்தியா? இத்தனை வருஷம் ஆடி கழுத்துல ஒரு ஒலிம்பிக் மெடல் இல்ல" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சின்னவளுக்கு செலக்‌ஷனில் இடம் கிடைக்காத கதைக்குத் தாவியிருந்தாய். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நீ எழுதாமல் விட்டது எனக்குக் கேட்டது. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 24, டெல்லி தயான்சந்த் ஸ்டேடியம். நானும் போனில்தான் பார்த்தேன், பையன் பிடித்துக் காட்டினான். இந்தியாவும் ஜெர்மனியும் ஆடிய ஆண்கள் ஆட்டம் முடிந்த பிறகு, நம் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்த ராணிக்கு வழியனுப்பு விழா. ஹாக்கி இந்தியா அவளுடைய 28-ம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. நல்ல மரியாதைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் 254 மேட்ச் ஆடிய ஒருத்திக்கு ஆண்கள் மேட்ச் நடந்த ஸ்டேடியத்தில், ஆட்டம் முடிந்த இடைவெளியில் விடை கொடுத்தார்கள் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவளுடைய கடைசி ஆட்டம் அன்றைக்கு நடக்கவில்லை சரசு. அது எப்போதோ முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

அவள் ஊர் பேர் ஷாஹாபாத் மார்கண்டா. ஹரியானாவில் குருக்ஷேத்ரா பக்கம். நம் ஊர் மாதிரிதான், சின்ன ஊர், ஆனால் தெருவுக்குத் தெரு ஸ்டிக். டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் அணியில் அந்த ஒரே ஊரிலிருந்து மூன்று பேர்: ராணி, நவ்ஜோத் கௌர், நவ்நீத் கௌர். மூவரையும் உருவாக்கியவர் பல்தேவ் சிங் என்கிற கோச். ராணியின் அப்பா குதிரை வண்டி ஓட்டி ஒரு நாளைக்கு 80 ரூபாய் கொண்டுவருவாராம். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது கோச்சின் கட்டளை. வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும். மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து யாருக்கும் தெரியாமல் குடித்ததாக அவளே சொல்லியிருக்கிறாள். வீட்டில் கடிகாரம் கிடையாது. காலைப் பயிற்சிக்கு எழுப்ப அம்மா தூங்காமல் வானத்தைப் பார்த்து நேரம் கணித்துக்கொண்டிருப்பாராம்.

இதைப் படித்தபோது எனக்கு உங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. விடிய விடியத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே நாலரைக்கு உன்னை உசுப்பிவிடுவார்களே, பசை காயாத கையால் கன்னத்தில் தட்டி! நீ கிரவுண்டுக்கு வரும்போது கன்னத்தில் வெள்ளையாகப் பசை காய்ந்திருக்கும். அதை வைத்து உன்னை எவ்வளவு கேலி செய்திருப்போம்.

பதினாலு வயதில் இந்திய அணி. 2010-ல் அர்ஜென்டினாவில் ரொசாரியோவில் உலகக் கோப்பை. அர்ஜென்டினாவின் பெரிய ஆட்டக்காரி லூசியானா ஐமாரின் சொந்த ஊர் அது, கூட்டம் எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார். அங்கே போய் பதினைந்து வயதுப் பிள்ளை ஏழு கோல் அடித்து, தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரி விருதையும் வாங்கிவந்தாள். இந்தியா ஒன்பதாவது இடம்தான். அது அப்படித்தான் இருந்தது அப்போது. ஒரு பெண் ஏழு கோல் அடிப்பாள், அணி ஒன்பதாவது வரும்.

அப்புறம் வரிசையாக ஏற்ற இறக்கம். 2012 லண்டனுக்கான தகுதிச் சுற்று இறுதியில் டெல்லியிலேயே தென்னாப்பிரிக்காவிடம் தோல்வி. 2013-ல் ஜெர்மனியில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம், இங்கிலாந்தை ஷூட் அவுட்டில் வென்று. 2016-ல் 36 வருஷத்துக்குப் பிறகு பெண்கள் அணி ஒலிம்பிக்கில் கால் வைத்தது, ரியோவில் ஐந்து ஆட்டத்தில் ஒரு டிராவோடு கடைசி இடம், பன்னிரண்டாவது. 2018-ல் அவள் கேப்டனாக இருந்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி. இதெல்லாம் உனக்கும் தெரியும்.

நான் உன்னிடம் கேட்பது 2019 நவம்பர் 2-ஐப் பற்றி. அந்த மேட்சைப் பார்த்தாயா? புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம். டோக்கியோவுக்குப் போக அமெரிக்காவோடு இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பு. முதல் நாள் 5-1. நான் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் இடைவேளைக்குள் அமெரிக்கா நாலு கோல். நம் பக்கம் ஒன்றுமில்லை. மொத்தம் 5-5. நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு வந்தவள், அது பொங்கி வழிந்து அணைந்த வாசனைகூடத் தெரியாமல் டிவி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். உனக்குத் தெரியுமே, நாலு கோல் வரிசையாக வாங்கினால் அணிக்குள் என்ன நடக்கும் என்று. யாரும் பந்தைக் கேட்க மாட்டார்கள். கைக்கு வந்தால் சீக்கிரம் தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கும். நாம் அப்படித்தானே இருந்தோம், நம்மைவிட்டுப் பந்து போனால் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு.

48-வது நிமிஷம். கோலுக்கு முன்னால் இருக்கும் டி வட்டத்துக்குள் கிடைத்த பந்தை ராணி அடித்தாள். அவ்வளவுதான். ஆட்டம் 1-4, மொத்தக் கணக்கு 6-5. அந்த ஒரு கோல் போகாமல் இருந்திருந்தால் டோக்கியோ எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அவள் அடித்த கோல்களிலேயே அழகானது அது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் பந்தை வேண்டாம் என்று இருந்த நேரத்தில் அது தன்னிடம் வரட்டும் என்று ஒருத்தி நின்றிருக்கிறாள். கேப்டன் என்றால் டாஸ் போடுவதும் கை குலுக்குவதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் கேப்டனாக இருந்தவள்தான், கோபித்துக்கொள்ளாதே.

டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நெதர்லாந்திடம் 1-5, அந்த ஒரு கோலும் இவள் அடித்தது. ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிறகு அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3, அதில் வந்தனா கட்டாரியா மூன்று கோல். காலிறுதியில் ஆஸ்திரேலியா! குர்ஜித் கௌர் பெனால்டி கார்னரில் அடித்த ஒரே கோலை வைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்க மண்டியிட்டுப் படுத்துத் தடுத்தார்கள். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2. வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 பின்தங்கி, இடைவேளைக்குள் 3-2 முந்தி, கடைசியில் 3-4. நாலாவது இடம். ஒலிம்பிக்கில் நம் பெண்கள் அதுவரை அரையிறுதி ஆட்டம் என்று ஒன்றை ஆடியதே இல்லை. மெடல் இல்லை என்று நீ எழுதினாய். சரி, இல்லைதான். ரியோவில் பன்னிரண்டாவது வந்த அணி ஐந்து வருஷத்தில் எங்கே வந்து நின்றது என்பதையும் எழுதியிருக்கலாம். நீ கணக்கு டீச்சர்தானே.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. டோக்கியோவுக்குப் பிறகு தொடைத் தசையில் காயம். மாதக்கணக்கில் ஆட்டமில்லை. 2022 ஜூனில் பெல்ஜியத்துக்கு எதிராக 250-வது ஆட்டம் ஆடினாள். அந்தக் கோடையிலேயே உலகக் கோப்பைக்கு அணியை அறிவித்தார்கள், பட்டியலில் அவள் பேர் இல்லை. காமன்வெல்த்துக்கும் இல்லை. நேஷனல் கேம்ஸில் ஹரியானாவுக்காக ஆடி கோல் கோலாக அடித்தாள். 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா சுற்றுப்பயணத்துக்குக் கூப்பிட்டார்கள், போனதும் முதல் ஆட்டத்திலேயே கோல். அத்தோடு சரி. மறுபடி கூப்பிடவே இல்லை. 250-க்கு மேலே நாலே நாலு ஆட்டம். காயம் முழுசாக ஆறவில்லையா, புதுப் பிள்ளைகள் வேண்டும் என்று கோச் நினைத்தாரா, வேறு ஏதாவதா என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். எனக்கு அதில் வழக்காட ஆசையில்லை. ஒன்றே ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவில் கடைசி விசில் அடித்தபோது, ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடி மைதானத்தைவிட்டு வெளியே வந்தாளே, அப்போது அவளுக்குத் தெரியாது அதுதான் கடைசி என்று.

எனக்கும் அப்படித்தானே முடிந்தது. தூத்துக்குடியில் அந்த மாவட்ட மேட்ச், பிளஸ் டூ படிக்கும்போது. திரும்பும்போது முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஊருக்கு வந்து எண்ணெய்க் கட்டு போட்டுவிட்ட வைத்தியர் பதினைந்து நாளில் ஓடலாம் என்றார். பதினைந்து நாளைக்கு அப்புறம் இன்னொரு பதினைந்து. அப்புறம் பரீட்சை. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார். அந்த மேட்சில் ஜெயித்தோமா தோற்றோமா என்றே எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் நீ கொண்டுவந்த தக்காளிச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றதும், அதில் ஒரு முழு மிளகாய் என் பல்லில் அகப்பட்டதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் பார்த்து வைத்திருப்பேன்.

முட்டி இப்போதும் ஐப்பசி மழைக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது. தைலம் எதுவும் அனுப்பாதே, போன தடவை நீ அனுப்பியதே அலமாரி முழுக்க வீசுகிறது.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, ஸ்டிக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள், 'விட்டது சனியன்' என்று நானும் சும்மா இருந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சும்மா இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து வயதில் ஒரு செலக்‌ஷனில் விடுபடுவது ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லாதே, அது பொய். பெரிய விஷயம்தான், அழட்டும். ஆனால் அவள் ஹாக்கியை விடுவதாக இருந்தால், விடுகிறேன் என்று தெரிந்து விடட்டும். இன்னொரு மேட்ச் ஆடட்டும், இதுதான் கடைசி என்று முடிவு செய்துகொண்டு ஆடட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஸ்டிக்கை நீயே எடுத்துப் பரணில் வைத்துவிடு, நான் வாயே திறக்க மாட்டேன். நமக்கு யாரும் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை, ராணிக்கும் கொடுக்கவில்லை.

ராணி சும்மா உட்காரவில்லை, கேள்விப்பட்டிருப்பாய். சப் ஜூனியர் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். ஜனவரியில் பெண்களுக்கு முதல்முறையாக ஹாக்கி இந்தியா லீக் வருகிறது, அதில் சூர்மா அணிக்குக் கோச். இதற்கு மேல் எனக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை.

அரையாண்டு லீவுக்குப் பிள்ளையை இங்கே அனுப்பு. நம் ஊரிலும் இப்போது செயற்கைப் புல்தரை இருக்கிறது, நாம் கரிசலில் புழுதி பறக்க ஆடியது போல இல்லை. காலையில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நடக்க முடிகிறது, ஓடத்தான் முடியாது.

நாளைக்கு பீகாரில் ராஜ்கிரில் பெண்கள் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி தொடங்குகிறது. சலீமா டெட்டே கேப்டன். சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார், கட்டாயப்படுத்தாதே, டிவி சத்தத்தைக் கூட்டி வை போதும், தானே வருவாள். கடலைமிட்டாய் இரண்டு கிலோ கூரியரில் போட்டிருக்கிறேன். ஒரு கிலோ அவளுக்கு மட்டும், அண்ணனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் விங்,
மாரி