ஏழு இடம் வேண்டாம் தம்பி, மூன்று போதும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை, திருமயம், புதுக்கோட்டை அருங்காட்சியகம். காலையில் திருச்சியில் கிளம்பி ஏழையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதாகத் திட்டம். அரையாண்டு விடுமுறையில் இதே பட்டியலோடு கிளம்பும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஏழு இடத்துக்கும் வண்டி ஓட மட்டும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. மிச்ச நேரத்தை ஏழாகப் பிரித்தால் ஓர் இடத்துக்கு ஒரு மணி நேரம் தேறும். நார்த்தாமலையில் அந்த ஒரு மணி நேரம் ஏறி இறங்கவே போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இடங்களை நீ தூரத்தை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறாய். வெயிலையும் கதவையும் வைத்து வரிசைப்படுத்த வேண்டும். பூசை நடக்கும் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். உன் கணக்குப்படி குடுமியான்மலைக்குப் பகல் ஒரு மணிக்குப் போகிறாய். பூட்டிய கதவைத்தான் பார்ப்பாய்.

அதனால் குடுமியான்மலையும் திருமயமும் இன்னொரு நாளுக்கு இருக்கட்டும். இந்த முறை நார்த்தாமலை, சித்தன்னவாசல், கொடும்பாளூர். நடுப்பகல் வெயிலுக்கு அருங்காட்சியகம். கீரனூர் வழியாகப் போய் விராலிமலை வழியாகத் திரும்பினால் ஒரு வட்டமாக முடிந்துவிடும், போன வழியே திரும்ப வேண்டாம்.

முதலில் நார்த்தாமலை. காலை ஏழு மணிக்கு மலையடியில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது அங்குள்ள குன்றுகளில் ஒன்றான மேலமலையில் இருக்கிறது. வழியில் பாதிக்கு மேல் மொட்டைப் பாறை, கைப்பிடியோ நிழலோ கிடையாது. பத்தரைக்கு மேல் பாறை காய ஆரம்பித்துவிடும், பிள்ளைகளால் கால் வைக்க முடியாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறையில் கறுப்பாகத் தெரியும் இடங்களை மிதிக்காதே. அது பாசி, காய்ந்தது போலவே தெரியும், வழுக்கிவிடும். செருப்பைவிட ரப்பர் அடி உள்ள ஷூ நல்லது. மேலே கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துக்கொள்.

உன் மாமனாருக்கு முழங்கால் வலி என்றாயே, அவரை மேலமலைக்கு ஏற்ற வேண்டாம். கடம்பர் மலை அடிவாரத்தில் முதலாம் இராசராசன் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. ஏற்றம் அதிகமில்லை. அங்கே பாறையிலும் கல்வெட்டு உண்டு. யாராவது ஒருவர் துணைக்கு இருந்தால் போதும், அவருக்கும் காலைப் பொழுது வீணாகாது.

மேலே போனதும் எல்லோரும் நேராக விசயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலுக்கு ஓடுவார்கள். நீ அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நில். எதிரே பாறையில் குடைந்த இரண்டு குகைகள் இருக்கும். கோயில் மேற்கு பார்த்தது, குகைகள் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் குகைக்குள் நேராக விழும். எட்டரை ஒன்பதுக்குள் குகைகளை முடித்துவிட வேண்டும். அப்புறம் சூரியன் மேலேறிவிட்டால் உள்ளே வெறும் இருட்டுதான்.

சிறிய குகைக்குப் பழியிலி ஈச்சுரம் என்று பெயர். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குலத் தலைவர் குடைந்தது. பெரியதைச் சமணர் குடகு என்கிறார்கள். சமணத் தலமாக இருந்து பின்னர் திருமால் கோயிலானது. உள்ளே சுவரில் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போலத் திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும். மொத்தம் 12. எத்தனை என்று பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடாதே, அவர்களே எண்ணட்டும். குகைக்கு முன்னால் இடிந்துபோன மண்டபத்தின் அடித்தளம் மட்டும் நிற்கிறது. குனிந்து அதன் விளிம்பைப் பார்த்தால் யாளிகளும் யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இந்த வரியைத் தாண்டி மிதித்துக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் குகைக்குள் போகிறார்கள். எனக்கு அந்த மலையிலேயே மிகவும் பிடித்த கல் அதுதான்.

சோழீச்சுரத்தில் கவனிக்க வேண்டியது கருவறையின் வடிவம். வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான கட்டடம். உள்ளே கருவறை வட்டம். சதுரச் சுவருக்கும் வட்டச் சுவருக்கும் இடையில் சுற்றிவர ஒடுக்கமான வழி. விமானத்தில் கீழ்த் தளங்கள் சதுரமாக எழும்பி, உச்சியில் வட்டமாகி முடிவது இதனால்தான். கருவறை பூட்டியிருக்கும் நேரமும் உண்டு, கீழேயே காவலரை விசாரித்துவிட்டு ஏறு. பெயரை வைத்துச் சோழ மன்னன் விசயாலயன் கட்டியது என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கேயே உள்ள கல்வெட்டு வேறு சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், மழையில் சிதைய, மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்கிறது. ஒரு கட்டடம் இடிந்ததையும் சரிசெய்யப்பட்டதையும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகையை மட்டும் படித்துவிட்டு வந்தால் இது கிடைக்காது.

கல்வெட்டைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டார்ச்சை எழுத்துக்கு நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பிடி. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். கைப்பேசி வெளிச்சமே போதும். பகலில் குடையை விரித்து அந்த இடத்தில் நிழல் உண்டாக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். முழுதும் படிக்க முயலாதே. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோல இருக்கும். தொடக்கத்தில் கிரந்தத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’, அதன்பிறகு ‘கோ’ என்று தொடங்கும் அரசன் பெயர், பிறகு ‘யாண்டு’, அதாவது ஆட்சியாண்டு. இந்த மூன்றையும் தேடச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், மஞ்சள், எண்ணெய் எதையும் தடவ விடாதே. எண்ணெய் கல்லுக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு தேய்த்துக் கழுவப்போய் எழுத்தும் தேய்ந்துவிடும்.

பத்து மணிக்குள் இறங்கிவிடு. அங்கிருந்து புதுக்கோட்டை 17 கிலோமீட்டர். அருங்காட்சியகம் ஊருக்குள் நுழையும் முன்பே திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, நீ சொன்ன தேதியைச் சரிபார்த்துக்கொள். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டுச் சித்தன்னவாசல் ஓவியங்களின் பிரதியையும் செப்புத் திருமேனிகளையும் மட்டும் பார். பிரதியை முதலில் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. குகையில் நிறம் மங்கிப்போயிருப்பதால், எங்கே எது இருக்கிறது என்று தெரியாமல் போனால் ஏதோ கறை படிந்த கூரை என்றுதான் தோன்றும்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் சித்தன்னவாசல், 16 கிலோமீட்டர். அறிவர் கோயில் குடைவரையும் மேற்கு பார்த்தது. பிற்பகலில் வெயில் முன்மண்டபத் தரையில் பட்டு, அங்கிருந்து எழும்பும் வெளிச்சம் கூரைக்குப் போகும். காலையில் போனவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். இருட்டுக்குள் நுழைந்தவுடன் அண்ணாந்து பார்க்காதே. கண் பழக ஐந்து நிமிடம் கொடு. ஃபிளாஷ் கூடவே கூடாது. ஓவியம் தங்கியிருப்பது பாறைமேல் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சுண்ணாம்புப் பூச்சில். கை பட்டாலே உதிரும், தூணில் சாய்ந்து நிற்கக்கூடப் பிள்ளைகளை விடாதே.

கூரையில் இருப்பது ஒரு தாமரைக் குளம். முதலில் இலைகளைப் பிடித்துக்கொள், பச்சை ஓரளவு நின்றிருக்கிறது. இலைகளுக்கு நடுவே மொட்டும் மலரும், பிறகு மீன், அன்னம், யானை, எருமை. பூப்பறிக்கும் ஆட்கள் மூவர். ஒருவர் தண்டோடு தாமரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தானாக விலகித் தெரியும். சமணர் மரபில், தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் அவையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் வரும் குளம் இது என்கிறார்கள். முன்பக்கத் தூண்களில் நடன மாதர் இருவர், ஒரு தூணின் பக்கவாட்டில் அரசனும் அரசியும்.

இந்த ஓவியங்கள் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வரைந்தவை என்று இன்னமும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குகைக்குப் பக்கத்துப் பாறையிலேயே, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்ளே இருக்கும் அகமண்டபத்தைப் புதுப்பித்து அதற்கு வெளியே முகமண்டபமும் எடுத்தான் என்று தமிழ்ப் பாட்டாகவே வெட்டியிருக்கிறது. அவன் எடுத்த முகமண்டபம் இப்போது இல்லை. இன்று முன்னால் நிற்கும் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையின் இடிந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்து நட்டவை. தூண்களின் வேலைப்பாடு உள்ளே இருக்கும் எளிய தூண்களோடு ஒட்டாததைப் பார்த்தாலே தெரியும். உள்ளறையின் நடுவில் வாயை மூடி ஒரே சுருதியில் மெல்ல முனகினால் அறை முழுதும் அதிரும். ஒருவர் செய்தால் போதும், மற்றவர்கள் பேசாமல் இருக்க வேண்டும்.

அதே மலையின் மறுபக்கச் சரிவில் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய வழவழப்பான கற்படுக்கைகள் 17, ஒன்றில் கி.மு. காலத்துத் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்து. கிழக்குச் சரிவு என்பதால் பிற்பகலில் நிழலாக இருக்கும். அங்கே போவதானால் அரை மணிக்கு மேல் கூடுதலாக ஒதுக்கு. தொல்லியல் துறைச் சீட்டை வாங்கி கையில் வைத்திரு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, வயதுக்குச் சான்றாகப் பள்ளி அடையாள அட்டை கொண்டுபோ.

நாலரைக்குக் கொடும்பாளூர் மூவர் கோயில். இதுவும் மேற்கு பார்த்தது, சாயங்கால வெயில் முகப்பில் விழும். இருக்குவேளிர் என்ற குறுநிலத் தலைவர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தன் பெயரிலும் தன் மனைவியரான கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்கள். நடுவில் உள்ளதும் தெற்கில் உள்ளதும் நிற்கின்றன. வடக்கில் உள்ளதில் அடித்தளம் மட்டுமே மிச்சம்.

எல்லோரும் ஒதுக்கிவிட்டுப் போகும் அந்த வடக்கு அடித்தளத்தில்தான் நீ தொடங்க வேண்டும். சுவர் இல்லாததால் பார்வை மேலே ஓடாது, கல் அடுக்கியிருக்கும் முறை கண்ணுக்கு நேரே கிடைக்கும். கீழே தட்டையான வரி ஜகதி, அதன்மேல் திரண்டு வருவது குமுதம், மேலே யாளி வரி. இதற்கெல்லாம் சேர்த்து அதிட்டானம் என்று பெயர். இதை விரலால் காட்டிச் சொல்லிவிட்டு அப்புறம் நடுக்கோயிலுக்கு வா. அதிட்டானத்தின்மேல் சுவர், சுவர்மேல் கூரை வரியான பிரஸ்தரம், அதற்கு மேல் கழுத்து, சிகரம், உச்சியில் தூபி. இந்த ஆறு உறுப்பும் பிடிபட்டுவிட்டால் எந்தக் கற்றளிக்குப் போனாலும் பிள்ளைகள் கீழிருந்து மேலாகப் படிப்பார்கள். இங்கே நல்ல சிற்பங்கள் பல கண்ணுக்கு மேலே, விமானத்தில் இருக்கின்றன. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போ. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் உதட்டுச் சிரிப்பெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

ஒன்று கவனித்துக்கொள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். தெற்குச் சுவர்களில் பகல் முழுதும் வெயில் இருக்கும், வடக்குச் சுவர்களில் நேர் வெயில் விழவே விழாது. வடக்குப் பக்கச் சிற்பங்களைப் படமெடுக்க ஆசைப்பட்டால் ஆனி மாதம்தான் வர வேண்டும்.

நடுக்கோயில் சுவரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, காளாமுகம் என்ற சைவப் பிரிவின் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடம் கொடுத்ததையும், 50 துறவிகளுக்குச் சோறிட 11 ஊர்களை விட்டதையும் சொல்கிறது. சுற்றிலும் புல்லுக்குள் தெரியும் சிறு சிறு அடித்தளங்கள் பரிவாரக் கோயில்களுடையவை, அதாவது துணைத் தெய்வங்களுக்கான சிறு கோயில்களுடையவை. அவற்றின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பாய். நம் பிள்ளைகள் புல்லில் உட்காரட்டும்.

இருட்டும் முன் கிளம்பினால் மதுரை நெடுஞ்சாலையில் திருச்சி 40 கிலோமீட்டர்தான். அடுத்த முறை முதல் வேலையாகக் காலையிலேயே குடுமியான்மலை. நடை சாத்துவதற்குள் 38 வரி இசைக் கல்வெட்டையும் நாயக்கர் காலத் தூண்களையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை. அடிவாரத்தில் அடுத்தடுத்து இருக்கும் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் நான்கு மணிக்கு மேல் திறந்திருக்கும் என்பதால் அந்த வரிசைதான் சரி. தேதியை எழுது, நார்த்தாமலைக் கோயிலின் கிடைப்படத்தை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா