பிரசவ நேர ரத்தப்போக்கில் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

கடலூர் மாவட்டத்துப் பிரசவ அறைகளில் வேலை பார்க்கும் செவிலியர்களும் மருத்துவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. பிள்ளை பிறந்தபின் தாய்க்கு ரத்தம் நிற்காமல் போனால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் பெயர் வராத பலர் அந்த நேரத்தை எங்களுக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிராம சுகாதார செவிலியர்களே, முதல் நன்றி உங்களுக்கு. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருக்கும் தாய்க்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பே உயிராபத்து. நீங்கள் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்ததோடு நிற்கவில்லை. டீயோடு, பாலோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது, கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வையுங்கள், மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே தனியாக நன்றி சொல்லலாம். கறுப்பைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏராளம். மழைக்காலத்தில் குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் பக்கம் தண்ணீர் சூழ்வதற்கு முன்பே, நாள் நெருங்கியவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் நீங்கள்தான்.

மருந்தாளுநர்களுக்கு: குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் தசையில் போடுகிறோம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் அதை நம்பலாம். வெயிலில் கிடந்து வீரியம் போன மருந்தும் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீராகவே தெரியும். கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று கிடக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கரண்ட் போன ராத்திரிகளிலும் ஃபிரிட்ஜ் கதவில் வெப்பநிலையைக் குறித்து வைத்தீர்களே, அதுதான் எங்களுக்குத் தெம்பு.

லேபர் வார்டு ஆயாம்மாக்களைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. ரத்தத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். பிள்ளை வெளியே வந்ததும் பனிக்குடத் தண்ணீரில் நனைந்த துணியை உடனே உருவிவிட்டு, எடை பார்த்து வைத்த புதுத் துணியை அடியில் விரிப்பது அவர்கள்தான். மாற்றாமல் விட்டால் தண்ணீரும் ரத்தமும் கலந்து கணக்கு கெட்டுவிடும். நனைந்த துணியின் எடையில் காய்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் கூப்பிடும் குரல் கேட்டுவிடும்.

108 ஊழியர்களுக்கு இரண்டு காரியங்களுக்காக நன்றி. ஒன்று, கால்களையும் வயிற்றையும் பட்டை பட்டையாகச் சுற்றி இறுக்கி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் அந்த இறுக்கு உடை. கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும், வயிறு கடைசியில். கழற்றும்போதும் கணுக்காலிலிருந்துதான், ஒவ்வொரு பட்டைக்கும் 15 நிமிடம் விட்டு, நாடியையும் பிபியையும் பார்க்க வேண்டும். பிபி 20 இறங்கினாலோ நாடி 20 ஏறினாலோ மறுபடி இறுக்க வேண்டும். வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்த்தால் ரத்தம் கீழே இறங்கி, தாய் அந்த நிமிடமே சரிந்துவிடுவார். வாசலில் இறக்கும்போது அவசரத்தில் யாரும் அதில் கை வைத்துவிடாமல் நீங்கள் காவல் நின்றீர்கள். இன்னொன்று, குழந்தை பிறந்த நேரத்தைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொண்டுவந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து 1 கிராமை நரம்பில் 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவோம்; அதைப் பிறந்த 3 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நேரம் தெரியாவிட்டால் எங்கள் கை தயங்கும்.

சர்க்கரைத் தண்ணீர் வைக்காமல், பிள்ளையை உடனே தாயின் மார்பில் போட விட்ட பாட்டிமார்களுக்கும் நன்றி. குழந்தை சப்பச் சப்ப, கர்ப்பப்பை சுருங்குகிறது.

கடைசியாக, ராத்திரி போன் அடித்ததும் பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் பைக்கில் கிளம்பி வந்த ரத்தக் கொடையாளர்கள், குறிப்பாக நெகட்டிவ் குரூப் தம்பிகள். தையல் போடலாம், மருந்து ஏற்றலாம். போன ரத்தத்துக்கு ரத்தம்தான் ஈடு, அதை எங்களால் செய்துகொள்ள முடியாது. கொடுத்த நாளிலிருந்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் கழிந்தபின் மறுபடி கொடுக்கலாம். எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-உம் குறையாமல் இருக்கட்டும். போன் நம்பர் மாறியிருந்தால் ரத்த வங்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மனமார்ந்த நன்றியுடன்,
பிரசவ அறைச் செவிலியர்கள், மருத்துவர்கள்
கடலூர் மாவட்டம்