வாத்தியார் எழுதி வைத்த கொப்பிகள்

கொக்கட்டிச்சோலை

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய குரல்பதிவை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். பிரான்சிலிருந்து நினைத்த உடனே புறப்பட முடியாது என்பது அம்மாவுக்கு நன்றாகவே விளங்கும். நீ வரவில்லை என்று ஒரு குறையும் நினைக்கவில்லை. அம்மப்பாவின் 31ஆம் நாள் சடங்கு போன கிழமை முடிந்தது. அவருக்கு 94 வயது. படுக்கையில் கிடந்து வருந்தாமல் போனார். அவரிடம் படித்தவர்கள் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வந்துகொண்டே இருந்தார்கள். 2014இல் பாலம் திறக்குமுன் என்றால் அவ்வளவு சனமும் பாதைப் படகுக்காகத் துறையில் காத்துக் கிடந்திருக்கும்.

அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வளவுக்குள்ளேயே அவரும் அம்மம்மாவும் சின்ன வீடு கட்டி இருந்ததால், எனக்கு அரிச்சுவடி தொட்டு எல்லாமே அவரிடம்தான். பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார். இரவில் கூத்துக் களரியில் ஏட்டண்ணாவியார். மத்தளத்தோடு நின்று ஆட்டம் பழக்கியது வேறு அண்ணாவியார்தான். ஆனால் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு ஒரு சொல்லும் பிசகாமல் பார்த்தது அம்மப்பா. பள்ளிக்கூடம், களரி என்ற இரண்டு வேலையையும் அவர் ஒருநாளும் வேறுவேறாக நினைத்ததில்லை. இதை உனக்கு எழுதத்தான் இருந்தேன்.

கர்ணனுக்கு ஆடின பெரியப்பா உனக்கு ஞாபகம் இருக்கும். வயலில்தான் சீவியம், எழுத்து வாசனையே இல்லை. ஆடுகிறவர்களுக்குப் பாட்டுக் கொப்பி பகிர்ந்து சட்டம் கொடுத்த அன்றைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல அவர் கையிலும் அம்மப்பா ஒரு கொப்பி வைத்தாராம், பெரிய பெரிய எழுத்தில் எழுதி. “எனக்கு எதுக்கு வாத்தியார் இது?” என்று அவர் கூசியிருக்கிறார். “கிடக்கட்டும், வைச்சுக்கொள்ளுங்க” என்பதுதான் பதில். பாட்டை வாயால் சொல்லிக் கொடுத்து நன்றாகப் பாடமான மறுகா, கொப்பியைத் திறந்து, பாடிக்கொண்டே விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொடச் சொன்னார். வாயில் இருந்த பாட்டுத்தானே கண் முன்னால் கிடக்கிறது, பயம் போய்விட்டது. அந்தக் கூத்து அரங்கேறி முடிய, பெரியப்பா வீரகேசரிப் பத்திரிகையில் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். பாலர் வகுப்பிலும் அம்மப்பா செய்தது இதுதான். முதலில் பாட்டு, பிறகுதான் கரும்பலகை. எழுத்துத் தெரியாதவரை அறிவில்லாதவராக நடத்துவது அவருக்குப் பொறுக்காது. ஒரு இரவு முழுக்க ஆடும் கூத்தைத் தலையில் சுமக்கிறவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார். நானும் இப்போது பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன். வகுப்பில் பின்தங்கிய பிள்ளை ஒன்றைப் பார்த்தால், இந்தப் பிள்ளை வாயில் ஏற்கனவே என்ன வைத்திருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். விடிந்து பார்த்தால் தென்னையெல்லாம் விழுந்து கிடந்தது மட்டும் எனக்கு மங்கலாக ஞாபகம். எங்கள் வீட்டுக் கூரையோடு கொப்பிப் பெட்டியும் போயிற்று. அகப்பட்ட தாள்களில் மை கரைந்திருந்தது. அம்மப்பா அழுததை அம்மா அன்றைக்குத்தான் கண்டாவாம். பிறகு, ஊர் கொஞ்சம் தலை நிமிர்ந்ததும், ஆடினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முற்றத்தில் இருத்தி, அவரவர் பாட்டைப் பாடச் சொல்லித் திரும்ப எழுதினார். தருமனுக்கு ஆடினவர் மறந்த அடியை வீமனுக்கு ஆடினவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கூத்தைக் கடைசியில் ஊர்தான் அவருக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தது.

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் நம் வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோய்ச் சுருக்கிப் போட்டதில் அம்மப்பாவுக்குச் சந்தோசம்தான். படித்தவர்கள் மதிக்கிறார்களே என்று பெருமைப்படுவார். “மேடைக்குச் சுருக்குறவங்க சுருக்கட்டும், முழுசு எங்கட வீட்டில கிடக்கட்டும்” என்பது அவர் பேச்சு. யுத்த காலத்தில் களரி போட முடியாத வருசங்களிலும், இடம்பெயர்ந்து ஓடும்போதும், அரிசியோடு சேர்த்து அந்தக் கொப்பிகளையும்தான் கட்டினார்.

இப்போது அவை என்னிடம். கணினியில் தட்டெழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர் எழுத்து அச்சுப்போல இருப்பதால் வாசிப்பதில் சிரமமில்லை. ஆனால் பதினேழாம் போர்க் கூத்துக் கொப்பியில் சில தாள்களைக் கறையான் அரித்துவிட்டது. கட்டியகாரன் வரவில் நாலைந்து பாட்டு இல்லை. அதைக் கடைசியாக ஆடினவன் நீ. சதங்கை கட்டின அன்றைக்கு அம்மப்பா உன் தலையைத் தடவி விட்டதும் எனக்கு ஞாபகம். தெரிந்த மட்டும் பாடி அனுப்பு மச்சான். சொல் வராத இடத்தில் நிறுத்தாமல் தாளத்தைச் சொல்லிக்கொண்டு போ. மிச்சத்தை நானும் அண்ணாவியாரின் மகனும் இருந்து தேடுகிறோம். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் நல்லது. அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தங்கச்சிக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உன் மச்சான்